காயில்காரரும் ஐந்து பெருவாத்துகளும்

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றித் தருபவர் என்பதால் தெருவில் அவருக்குக் காயில்காரர் என்றே பெயர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கம்பி சுற்றும் கருவியில் எண் காட்டும் முள் ஒன்று உண்டு. அவ்வப்போது தாண்டிக் குதிக்கும் அந்த முள்ளை அவர் நம்புவதில்லை. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வாய்விட்டு எண்ணுவார். யாரிடமும் கற்காத தொழில். அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

வீட்டை ஒட்டிய காலி இடத்தில் புல் மண்டிக் கிடந்தது. வாத்து வளர்த்தால் புல்லும் தீரும், முட்டையும் கிடைக்கும் என்று மனைவியின் தம்பியிடம் சொல்லிவைத்தார். அவன் ஓர் அட்டைப்பெட்டியில் ஐந்து குஞ்சுகளோடு வந்து நின்றான். குளிர் தாங்காதே என்று பட்டறை மேசைக்கடியிலேயே பல்பு போட்டு வளர்த்தார். கழுத்து நீள ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் தட்டியது.

“என்ன மாப்ள இது, ஒட்டகத்துக்குப் பொறந்த மாதிரி இருக்கு?”

“பெருவாத்து மாமா. வாத்துன்னுதானே கேட்டீங்க?”

“நான் கேட்டது சாதா வாத்துடா!”

“கொஞ்சம் தாராளமா குடுத்திருக்கேன். அதுக்கும் திட்டா?”

வளர்ந்ததும் அவற்றை வெளியே விட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. அவர் கம்பி சுற்ற உட்கார்ந்து நாற்பதைத் தொடுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஆண் வாத்து ஊதும். மற்ற நாலும் சேர்ந்துகொள்ளும். எண்ணிக்கை போய்விடும். சுற்றியதைப் பிரித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். மறுபடி ஊதும். கீரைத் தண்டு போட்டுப் பார்த்தார், தின்றுவிட்டுக் கத்தின. தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தார், குளித்துவிட்டுக் கத்தின. அதட்டப் போனால் கால்சட்டையைக் கவ்வி இழுத்தன.

இந்தக் கூத்தில் பேக்கரியின் மாவு பிசையும் மோட்டாரில் சுற்று தப்பிவிட்டது. மாட்டிய அன்றே புகைந்தது. பேக்கரி அக்கா அதைத் தள்ளுவண்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்.

“பிசைஞ்ச மாவு மொத்தமும் குப்பைக்குப் போச்சு தம்பி. சனிக்கிழமைக்குள்ள இது ஓடலேன்னா எங்க வேலை எல்லாத்தையும் வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். அப்புறம் வருத்தப்படாதீங்க.”

பட்டறைக்கு வரும் வேலையில் பாதி அந்த பேக்கரியுடையது. காயில்காரர் கருகிய கம்பியை வெட்டி எடுத்தார். தொடங்கினார். கத்தின. பிரித்தார். தொடங்கினார்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தார்.

“ஏங்க, லாரி போனா கத்தலை, ஆள் வந்தா கத்தலை. நீங்க எண்ணுறப்போ மட்டும்தான் கத்துதுங்க.”

“எண்ணாம எப்படிச் சுத்துறது? உனக்கென்ன, சொல்லிட்டே!”

“என்கிட்ட ஏன் எரிஞ்சு விழுறீங்க? கருவியைத் தொடாம, ஜன்னல்கிட்ட நின்னு சும்மா எண்ணுங்க பாப்போம்.”

எண்ணினார். மூன்று சொல்வதற்குள் ஐந்து கழுத்துகளும் நிமிர்ந்தன. சிறகை விரித்துக்கொண்டு, விழுந்தடித்து ஓடி வந்து, ஜன்னலடியில் நின்று ஊதின.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மேசைக்கடியில கெடந்தப்போ இதைத்தானே கேட்டுச்சுங்க! நீங்கதான் அம்மான்னு நெனச்சிட்டிருக்குங்க. தாயே கூப்பிட்டுட்டு, வந்தா அதட்டினா எப்படி?”

“அம்மாவா! வாயை மூடு.”

“தம்பிகிட்டயே திருப்பிக் குடுத்துடலாமா?”

அவர் வெளியே பார்த்தார். “அம்மான்னு சொல்லிப்புட்டு, அப்புறம் குடுத்துடலாமாங்கிறா,” என்று சிடுசிடுத்தார்.

மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். அறுபதா எழுபதா என்று குழம்பியது. முணுமுணுத்துப் பார்த்தார், அதற்கே கழுத்துகள் நிமிர்ந்தன. கடைசியில் மனைவியே முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“நான் எண்ணுறேன். நீங்க சுத்துங்க. வாயைத் தொறக்கக் கூடாது.”

மனைவியின் குரலுக்கு வாத்துகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை கைப்பிடியைவிட வேகமாக ஓடியது. காயில்காரர் கண்ணாலேயே முறைத்து அதை மட்டுப்படுத்தினார்.

“எண்பத்தாறு, எண்பத்தேழு... இருங்க, பால் பொங்குது.”

போய்விட்டார். ஒரு கையில் விறைத்த கம்பி, மறு கையில் கைப்பிடி. எதையும் விட முடியாமல் காயில்காரர் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

“எங்க விட்டேன்? எழுபத்தேழா?”

“எண்பத்தேழு!”

வெளியே ஐந்தும் ஊதின.

“பாத்தீங்களா, வாயைத் தொறந்தாச்சு!”

சனிக்கிழமை மோட்டார் ஓடியது. ஒரு மூட்டை மாவைப் பிசைந்து முடித்த பிறகும் உடம்பு சூடேறவில்லை. பேக்கரி அக்கா வீட்டுக்கே வந்து சொன்னார்: “இந்தத் தடவை கச்சிதம் தம்பி. அடுப்பு மின்விசிறி ரெண்டு எரிஞ்சு கெடக்கு, அனுப்பி வைக்கிறேன். எப்ப வாங்கிக்கலாம்?”

காயில்காரர் பெருமூச்சோடு சமையலறைப் பக்கம் கை காட்டினார்.

“அவகிட்டதான்க்கா கேக்கணும்.”