கல்லல் ஸ்டேஷன் முன்னால் டிரைவர் இல்லாத ஒரு வேன்

இந்தப் பயணம் கடுப்பில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் விளங்கும். கடந்த பிப்ரவரியில் மதுரையில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம். ஆண்டவருக்காக உங்களால் செய்ய முடிந்த ஊழியம் எது என்று ஒவ்வொருவரையும் எழுந்து சொல்லச் சொன்னார்கள். ஒருத்தி பாடுவேன் என்றாள். இன்னொருத்தி ஞாயிறு பள்ளி நடத்துவேன் என்றாள். மூன்றாவது ஆள் நூறு பேருக்குத் தனியாகப் பிரியாணி போடுவாளாம். அடுத்தது நான். வீட்டுக்காரரோடு சேர்ந்து இருபத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். பாட்டு வராது, என் சமையல் வீட்டுக்காரருக்கே இறங்காது. "கியர் மாத்தக் கத்துக்கொடுப்பேன்" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நானும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகு வலித்தது. டிரைவிங் ஸ்கூலையும் அதற்கு முந்தைய டிசம்பரில் மூடியாயிற்று. இனிமேல் நான் யாருக்கு, எதற்கு? இந்தக் கேள்வியோடு அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வாயேன், பாத்திரமாவது பிழைக்கும்" என்றார் வீட்டுக்காரர். சனிக்கிழமை காலை செட்டிநாட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மாட்டுத்தாவணியில் ஏழு மணி பஸ். காரைக்குடி சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம், நான் போனபோது டிக்கெட் எழுபது ரூபாய். டிரைவருக்குப் பின்னால் உட்காரக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. உட்கார்ந்தேன். திருப்பத்தூர் வரைக்கும் வாயையும் மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு வளைவில் அவர் லாரியை முந்தப் பார்த்தபோது தாங்கவில்லை. "தம்பி, எதிர்ல வர்றது தெரியாத இடத்துல ஏறலாமா?" என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று பின்வாங்கினார். நல்ல பிள்ளை.

புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரூம், நாளுக்கு ஆயிரத்து இருநூறு. கானாடுகாத்தான், ஆத்தங்குடி இரண்டுக்கும் போய்வர ஆட்டோ ஆயிரம் ரூபாய், காத்திருப்பதும் சேர்த்து. பெரிய வீடுகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நான் புதிதாக என்ன சொல்லப் போகிறேன்? தூணைக் கட்டிப்பிடித்தேன், கை எட்டவில்லை. ஆத்தங்குடி கல் பதித்த தரையில் செருப்பில்லாமல் நடந்தேன், வெயிலிலும் கால் குளிர்ந்தது. மதியம் சில வீடுகளைப் பூட்டிவிடுகிறார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். திரும்பும்போது ஆட்டோக்காரர்தான் சொன்னார். "நாளைக்குக் கல்லல் பக்கம் போங்கக்கா. கண்மாயில தண்ணி கெடக்கு, கொக்கும் நாரையுமா எறங்கியிருக்கு. வெள்ளன போனீகன்னாத்தான் பாக்கலாம்."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு முன்பே கல்லல் டவுன் பஸ் கிடைத்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முக்கால் மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டார்கள். கண்மாய்க் கரையில் அரை மணி நேரம் நடந்தேன். நாரைகள் இருந்தன, ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை. காரைக்குடிக்குத் திரும்பிப் பத்து மணி ஆராதனைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ரயில்வே ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த ஹாரன் கேட்டது.

ஒரு தடவை இல்லை, விடாமல். பார்த்தால், ஒரு பழைய வெள்ளை வேன், பக்கவாட்டில் நீலச் சிலுவை. உள்ளே ஏழெட்டுப் பேர் குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கில் ஆள் இல்லை. இடப்பக்க சீட்டில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் கையை நீட்டி ஹாரனை அமுக்கிக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வருட வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? எழுந்து போனேன்.

"ஓட்ட ஆளில்லாத வண்டியில எதுக்கு இப்படி ஹாரன் அடிக்கிறீங்க? ஊரு தூங்க வேண்டாமா?"

"கோவிச்சுக்கிறாதீகம்மா. ஏழே காலுக்கு அடிச்சாத்தான் தெக்குத் தெருக்காரவுக கெளம்பி வருவாக. எல்லாரும் வந்தாச்சு. டிரைவருதான் வரலை."

"அப்ப நீங்க யாரு?"

"நாந்தேன் டிரைவரு. போன வாரம் வரைக்கும்."

டீக்கடைக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அவரத் திட்டாதீகக்கா. அந்த ஹாரனக் கேட்டுத்தேன் நான் ரெண்டாவது பாலு காய வப்பேன்."

அவர் பெயர் ஞானமுத்து. புதுவயல் அரிசி ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடமாக ஞாயிறுதோறும் காசு வாங்காமல் சபை வேனை ஓட்டியிருக்கிறார். கண்ணில் பிரஷர் ஏறி இடப்பக்கப் பார்வை போய்விட்டது. டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றதும், அவரே ஆயரிடம் போய்ச் சொல்லிவிட்டார். இந்த ஒரு வாரம் மட்டும் அவருக்குப் பதில் வருவதாக ஒத்துக்கொண்ட லாரி டிரைவர், முந்தின நாள் லோடு கொண்டுபோன இடத்தில் மாட்டிக்கொண்டார்.

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். செல்வராணி, அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், முப்பத்தைந்து வயது இருக்கும். "இன்னைக்கு ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூடுதுக்கா. ஓட்ட ஆளில்ல, வண்டிய வித்துருவோம்னு ஏற்கெனவே பேச்சு. இன்னைக்கும் வண்டி போகலைன்னா முடிஞ்சுச்சு, வித்துருவாக. அப்புறம் இந்த நாலு ஊருச் சனம் எங்குட்டுக் கூடி கோயிலுக்குப் போறது? அந்த ஊருகளுக்குள்ள ஞாயித்துக்கெழம இந்நேரத்துக்கு பஸ்ஸும் கெடையாது."

"சாவி எங்க?" என்றேன். சத்தியமாக நான் யோசித்துக் கேட்கவில்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

ஞானமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஓட்டுவீகளா?"

"மதுரையில பாதிப்பேர் ஓட்டுறதே என்னாலதான்" என்று லைசென்ஸை எடுத்து நீட்டினேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், அந்த நேரத்தில் வேறு வழியில்லை.

ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தால், பாயசத்தில் கரண்டியை விட்டமாதிரி தொளதொளவென்று வருகிறது! டயருக்குக் கீழே ஒரு கல் முட்டுக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். "இத வச்சுக்கிட்டா பதினெட்டு வருஷம் ஓட்டுனீங்க?" என்று கத்தினேன். "இல்லம்மா, மூணு வருசமாத்தேன் இப்பிடி" என்றார் பணிவாக. என்ன சொல்ல? கல்லை எடுக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்துவிட்டு, கிளப்பினேன்.

கல்லலிலிருந்து உள்ளே புகுந்து நான்கு ஊர்களைச் சுற்றிக்கொண்டு, காரைக்குடிக்கு வெளியே இருக்கும் அந்தச் சின்னக் கோயிலுக்குப் போக இருபத்தேழு கிலோமீட்டர். இடப்பக்கம் உட்கார்ந்து அவர் வழி சொன்னார், ஹாரனையும் அவரே அடித்தார். மக்களை இறக்கிவிட்டதும் இரண்டாவது நடை புதுவயலுக்கு, ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிவர. போகும்போது வண்டிக்குள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"நீங்க எப்பத்தான் ஆராதனையில உக்காருவீங்க?" என்று கேட்டேன்.

"எங்கம்மா? புதுவயல் ஆளுகளோட வந்து சேரயில பாதிப் பிரசங்கம் முடிஞ்சிருக்கும். பழைய வண்டி, விட்டுட்டுப் போக மனசு வராது. இப்ப ஹேண்ட் பிரேக்கும் இல்ல. இதுக்குள்ளயே உக்காந்துக்கிருவேன். பாட்டு நல்லாக் கேக்கும்."

பதினெட்டு வருடம் நான்கு ஊரைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்த மனுஷன், ஒரு முழு ஆராதனையில் உட்கார்ந்ததில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார்.

"கண்ணு போனதக்கூடத் தாங்கிக்கிருவேம்மா. ஆண்டவருக்குன்னு என்னால ஆன வேல இது ஒண்ணுதேன். பாட வராது. நாலு பேரு முன்னால செபம் பண்ண நாக்கு எழும்பாது. இதையும் எடுத்துக்கிட்டாருன்னா நான் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே கெடக்கேன்."

மதுரையில் பாத்திரத்தை உடைத்துக்கொண்டு நான் கேட்ட அதே கேள்வி. "எனக்கும் அதேதாண்ணே" என்றேன். புதுவயலில் ஆலை வாசலில் நின்ற இரண்டு லாரிகளுக்கு நடுவே வேனை ரிவர்ஸ் எடுத்தேன். ராத்திரி வேலை முடித்து நின்ற பெண்கள் கைதட்டினார்கள். ஞானமுத்து லாரி டிரைவர் பார்வையில் பின்னால் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மனசு எப்படி லேசாயிற்று தெரியுமா?

கோயிலுக்கு வந்ததும், "நான் வண்டியப் பாத்துக்கிறேன், நீங்க உள்ள போங்க" என்று அவரை விரட்டினேன். போனார். ஆனால் மூன்று தடவை வெளியே வந்து கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான், வண்டிக்குள் பாட்டு நன்றாகவே கேட்கிறது.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. என்னையும் விருந்தாளியாக உள்ளே உட்காரவைத்தார்கள். இளவயது ஆயர், தயங்கித் தயங்கித்தான் பேசினார். இன்றைக்கு மதுரையிலிருந்து வந்த அம்மாவால் ஆயிற்று, அடுத்த வாரம் யார் ஓட்டுவது என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இன்ஜினுக்கு விலை இருக்கும்போதே தள்ளிவிடுவது நல்லது என்றார் ஒரு பெரியவர். ஞானமுத்து கடைசி வரிசையில் துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

செல்வராணி எழுந்தாள். "ஐயா, எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு. அஞ்சு வருசத்துக்கு முன்னால எடுத்தேன். எடுத்ததுக்கப்புறம் வண்டியத் தொட்டதில்ல, பயம்." உடனே முணுமுணுப்பு. லைசென்ஸ் இருந்தால் போதுமா, பதினைந்து உயிராச்சே என்றார் பெரியவர். நியாயமான கேள்விதான்.

எழுந்தேன். "நான் கியர் மாத்தக் கத்துக்கொடுப்பேன்" என்றேன். அதே வாக்கியம். சொல்லிவிட்டுச் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தன நாளாகும்மா?"

"நாலு சனிக்கிழமை. அதுவரைக்கும் ஞாயிறு நானே ஓட்டுறேன். ஆனா நாளைக்கே ஹேண்ட் பிரேக்க மாத்தணும்."

ஆக, வாராவாரம் மதுரையிலிருந்து வந்துபோய், இரண்டு நாள் பயணம் ஐந்து வாரமாக நீண்டது. புதுவயல் ஆலைக்காரர் நெல் காயப்போடும் களத்தைச் சனிக்கிழமை மாலையில் பழகக் கொடுத்தார். செல்வராணிக்கு ஸ்டியரிங் பிடிபட்டுவிட்டது, ஆனால் ஒவ்வோர் ஆட்டுக்கும் நின்று வழிவிட்டாள். "ஆடு உனக்கு வழிவிடும்டி, நீ போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஞானமுத்து இடப்பக்கம் உட்கார்ந்து அவரும் சேர்ந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒரு வண்டிக்கு ஒரு வாத்தியார்தான் என்று அதட்டினேன். அன்றைக்கு முழுக்க ஹாரனை மட்டும் அடித்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், மார்ச்சிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கல்லல் கண்மாய்க்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். ஆட்டோவுக்கு ஏறும் முன்பே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். பெரிய வீடுகளைப் பார்க்க ஒரு நாள் போதும். இரண்டாவது நாளைக் காலியாக வைத்திருங்கள், எதற்கும் திட்டம் போடாமல். உங்களுக்குத் தெரிந்த வேலை எதுவாக இருந்தாலும், அது எங்கோ ஒரு ஊரில் ஆளில்லாமல் நின்றுகொண்டிருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஐந்தாவது ஞாயிறு செல்வராணி ஓட்டினாள். நான் பின் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன், அதுதான் இந்தப் பயணத்திலேயே கஷ்டமான பகுதி. புதுவயல் நடையைப் பிரசங்கத்துக்கு முன்பே முடிக்கும்படி ஆராதனை நேரத்தையும் அரை மணி தள்ளிவைத்திருந்தார்கள். வேனைக் கோயில் வாசலில் நிறுத்தி, புது ஹேண்ட் பிரேக்கைச் சத்தம் கேட்க இழுத்துவிட்டு, எல்லோரும் உள்ளே போனோம். ஞானமுத்துவை முதல் வரிசையில் உட்காரவைத்தோம். ஒரு தடவைகூட வெளியே போகவில்லை.

முடிவில் ஸ்தோத்திர ஜெபம். யாராவது ஜெபிக்கலாம் என்றார் ஆயர். நாலு பேர் முன்னால் நாக்கு எழும்பாது என்று சொன்ன மனுஷன் எழுந்து நின்றார்.

"ஆண்டவரே, எல்லாரும் வந்து சேந்துட்டாக. ஹேண்ட் பிரேக் பிடிக்குது. ஓட்டுற பிள்ளைக்காக ஸ்தோத்திரம். கியர் மாத்தக் கத்துக்குடுத்த மதுர அம்மாவுக்காக ஸ்தோத்திரம்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னைக்குத்தேன் முழுப் பிரசங்கமும் கேட்டேன். ரொம்ப நீளம். அதுக்கும் ஸ்தோத்திரம்."

ஆயர் உட்படக் கோயிலே சிரித்துக்கொண்டு ஆமென் சொன்னது. எல்லாவற்றிலும் சத்தமான ஆமென் என்னுடையதுதான் என்று செல்வராணி இன்றைக்கும் கேலி செய்கிறாள்.