இரண்டு கிலோமீட்டர் சுருள்

இன்று எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. அலுவலகத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர் ஒரு பழைய செம்புக்கம்பிச் சுருளைக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

"இன்னா மேடம் இது, கட்டைவிரல் நீட்டுக்குத்தான் இருக்குது. லேபிள்ல ரெண்டு லட்சம் சென்டிமீட்டர்னு எழுதிக்கீறாங்க. இதுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் கம்பியா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இழுத்துக்கினு போலாமே."

நான் அதைத் திரும்ப எடுத்தேன். கரியாலூரிலிருந்து வரும் என் மாணவிகள் இருவர் ஒரு ரேடியோ செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை அது பாட வேண்டும். நிலையத்தைப் பிடிக்க அதற்கு இருநூறு மைக்ரோஹென்றி மின்தூண்டல் உள்ள சுருள் தேவை. ஆய்வகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

"அது கம்பியோட நீளம் இல்லீங்க சார். அந்தக் காலத்துல சுருளோட மின்தூண்டலையே சென்டிமீட்டர்ல எழுதுனாங்க. ஒரு சென்டிமீட்டர்னா இப்ப ஒரு நானோஹென்றி. ஆயிரம் நானோ சேர்ந்தா ஒரு மைக்ரோ. ரெண்டு லட்சம்னா இருநூறு மைக்ரோஹென்றி."

"எழுதுனவரு தப்பா எழுதியிருந்தா?"

மீட்டரில் மாட்டிக் காட்டினேன். 198.

"ரெண்டு கம்மியா இருக்குதே."

"நூத்துக்கு ஒண்ணுதான் சார் கம்மி." சுருளை நான் கையிலிருந்து விடவில்லை.

கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். பதிவேட்டில் மின்தூண்டலுக்குப் பத்தி இல்லை, நீளத்துக்கு இருக்கிறது. அதில் "2 கி.மீ., நல்ல நிலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆண்டு சரிபார்க்க வருகிறவர் டேப்போடு வருவார். நானும் மீட்டரோடு காத்திருப்பேன்.

உங்கள் அலுவலகப் பதிவேட்டில் இப்படி எது நீண்டு கிடக்கிறது?