தாமரைக்குள்ளை ஒரு சேவர்

கொம்பியூட்டர் சேவர் பூட்டுற தொழிலிலை மெசின் ஒருநாளும் கரைச்சல் தாறதில்லை. கரைச்சல் முழுக்க அது போய் இறங்கிற அறையிலைதான் கிடக்குது. உங்களிலை ஆராவது இந்தத் தொழிலிலை நாரி முறிஞ்ச ஆக்கள் இருந்தால், இதை வாசிச்சுப்போட்டு ஒரு பெருமூச்சு விடுங்கோ. மற்றவை சிரிக்கலாம், குறையில்லை.

நான் சொல்லப்போறது ஒரே ஒரு பெட்டியின்ரை கதை. நெல்லியடியிலை ஒரு ரியூசன் சென்ரர். நடத்துறவர் தணிகாசலம் மாஸ்டர். அங்கை பௌதிகவியல் படிப்பிச்ச லோகன் சேர் கனடாவுக்குப் போயிட்டார். போகமுன்னம் அவரின்ரை பாடம் எல்லாத்தையும் வீடியோவாப் பிடிச்சு வைச்சிட்டினம். சுத்துவட்டாரப் பிள்ளையள் இப்பவும் அதைப் பாத்துத்தான் ஏ.எல். சோதினைக்குப் படிக்கிறவை. என்ரை மகள் துளசியும் அதிலை ஒராள். முதல்தரம் பௌதிகவியல் காலை வாரிவிட்டுது, இது இரண்டாந்தரம். அந்தப் பாடங்களை வைச்சிருக்கத்தான் சேவர். பெட்டி படுத்தால் எனக்கு வேலைத்தலத்திலையும் பேச்சு, வீட்டிலையும் பேச்சு.

தாமரைக் கூடு

சேவர் எண்டது மேசையிலை வைக்கிற கொம்பியூட்டர் மாதிரி இல்லை. தட்டையா, நீளமா, அரிசி மூட்டைப் பாரத்திலை ஒரு பெட்டி. அதை ராக் எண்ட இரும்புச் சட்டகத்திலை, ரண்டு பக்கமும் தண்டவாளம் பூட்டி, லாச்சி மாதிரி இழுத்து மூடக்கூடியதா ஏத்தவேணும். மாஸ்டருக்குக் கடை ராக்கிலை விருப்பமில்லை. எங்கடை மரியதாஸ் அண்ணை இருக்கேக்கை என்னத்துக்கு எண்டார். மரியதாஸ் அண்ணை பருத்தித்துறை றோட்டிலை இரும்புக் கேற் ஒட்டுறவர். வெளிநாட்டுக்காரர் கட்டுற வீடுகளுக்கெல்லாம் அவரின்ரை கேற்தான். போனிலை பெட்டியின்ரை அளவைக் கேட்டார், சொன்னன்.

நான் போய்ப் பாக்கேக்கை ராக் பச்சைப் பெயின்ற் அடிச்சு மினுங்கிக்கொண்டு நிக்குது. முன்பக்கம் முழுக்கக் கம்பி, நடுவிலை விரிஞ்ச தாமரை. பாடம் எல்லாம் பதியிற டிஸ்க் எட்டையும் சேவரின்ரை முன்பக்கத்தாலைதான் உருவி மாத்திறது, அந்த இடத்துக்கு நேரை பாத்து அந்தத் தாமரை. கதவு இல்லை, எல்லாம் ஒரே ஒட்டு. தண்டவாளத்துக்கு இடமும் இல்லை. மாஸ்டர் தாமரையைத் தடவித் தடவிப் பாக்கிறார், நான் என்ன சொல்லுறது? பின்பக்கத்தாலை நாலுபேர் தள்ளு தள்ளெண்டு தள்ளி ஏத்தினம். உள்ளை போனது அப்பிடியே இறுகிப்போச்சு, ஒரு நூல் பின்னுக்கு அசையாது. இனி இதை என்னெண்டு அண்ணை எடுக்கிறது எண்டு மரியதாஸ் அண்ணையைக் கேட்டன். அவர் கையைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "பெட்டி உள்ளுக்கை போகவேணும் எண்டுதான் சொன்னியள் தம்பி. வெளியிலை வரவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

ஆளில்லாத அறை

சேவருக்குச் சூடு ஆகாது. அறைக்கு ஏசி பூட்டி, இரவு பகல் நிப்பாட்டக்கூடாது எண்டு சொல்லிப்போட்டு வந்தன். அடுத்த கிழமை போனால் அறை தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குது. சென்ரரைக் கூட்டித் துடைச்சுப் பூட்டுறது பாக்கியம் அக்கா. பின்னேரம் வீட்டை போகேக்கை அவதான் ஏசியையும் நிப்பாட்டிப்போட்டுப் போறவ. நான் அவவை இருத்திவைச்சு, சூடேறினால் மெசின் செத்துப்போகும், லோகன் சேரின்ரை பாடம் எல்லாம் அதோடை போயிடும் எண்டு விளங்கப்படுத்தினன். பொறுமையாக் கேட்டா, தலையும் ஆட்டினா. பிறகு கதவைச் சாத்திப்போட்டு மெதுவாச் சொன்னா: "அதெல்லாம் சரி தம்பி. ஆளில்லாத அறைக்கு ஏசி ஓடினால் அக்கம்பக்கத்துச் சனம் என்ன கதைக்கும்?"

ரண்டு வயர்

கடைசியிலை அந்த அறைக்கை ஒரு கதிரையைப் போட்டு, அதிலை மாஸ்டரின்ரை சால்வையையும் போட்டுவிட்டம். ஆள் இருக்கிற அறையாப் போச்சு, ஏசியும் ஓடிச்சுது. அடுத்த வினையைத் தேடிக்கொண்டது நான்தான். சேவருக்கு ரண்டு பவர் வயர். ஒண்டு போனாலும் மற்றது தாங்கும். மாஸ்டருக்கு எடுப்புக் காட்டவேணும் எண்டு, மெசின் ஓட ஓட ஒரு வயரைப் பிடுங்கிக் காட்டினன். மெசின் அசையேல்லை. மாஸ்டர் கைதட்டினார். பாக்கியம் அக்கா வாசலிலை நிண்டு பாத்தவ.

கொஞ்ச நாளாலை மாஸ்டர் போன் எடுத்தார். சேவர் கீ கீ எண்டு கத்துதாம், குருவி ஏதும் பூந்திட்டுதோ தெரியேல்லையாம். போய்ப் பாத்தால் ஒரு வயர் நிலத்திலை கிடக்குது, அதின்ரை பிளக்கிலை கேத்தில் கொதிக்குது. எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. ஆர் இதைப் பிடுங்கினது எண்டு சத்தம் போட்டன். அக்கா சாவகாசமாத் தேத்தண்ணியை ஊத்தி என்ரை கையிலை தந்துபோட்டுச் சொன்னா: "நீங்கள்தானே தம்பி பிடுங்கிக் காட்டினியள்."

பூப்போட்ட சட்டை

எங்கடை சனம் எதையும் வெறும்மேலோடை விடாது. ரீவிக்கு உறை, பிரிட்ஜுக்கு உறை, ரிமோட்டுக்குப் பொலித்தீன். இது எனக்குத் தெரிஞ்ச விசயம்தான், எண்டாலும் சேவருக்கும் நடக்கும் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. சூடு கூடிப்போச்சு எண்டு என்ரை போனுக்கு எச்சரிக்கை வர ஓடிப்போனன். ராக்குக்கு மேலையிருந்து கீழை வரைக்கும் சிவப்புப் பூப்போட்ட சட்டை, அடியிலை சுருக்கு வைச்ச லேஸ். யன்னல் சீலை தைச்சு மிஞ்சின துணியாம். சேவர் உள்ளுக்கை கிடந்து அவியுது. நான் அதை உருவிக் கதிரையிலை எறிஞ்சன். பாக்கியம் அக்கா கோவிக்கேல்லை. சட்டையை வடிவா மடிச்சு மேசை லாச்சிக்கை வைச்சுப்போட்டுக் கேட்டா: "பச்சைக்கு உந்தச் சிவப்பு எடுபடேல்லையோ தம்பி? வேறை நிறத்திலை தைக்கட்டோ?"

தாமரைக்குள்ளை வெளிச்சம்

சோதினை நெருங்கின நேரம் ஒருநாள் காலமை துளசி சென்ரரிலையிருந்து போன் எடுத்தாள். லோகன் சேரின்ரை பாடம் நிண்டு நிண்டு ஓடுதாம், பிள்ளையள் எல்லாம் என்னைத்தான் திட்டுதுகளாம். மோட்டச்சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனன். தாமரையின்ரை நடுவுக்கை செம்மஞ்சளா ஒரு வெளிச்சம் எரியுது. ஒரு டிஸ்க் செத்துப்போச்சு எண்டதுக்கு அடையாளம் அது. என்ரை போனுக்குச் சூட்டு எச்சரிக்கை மட்டும்தான் வாறது, டிஸ்குக்கு நான் வைக்கேல்லை. எப்ப தொடக்கம் எரியுது எண்டு கேட்டன். கன நாளாம். மரியதாஸ் அண்ணை தாமரைக்குப் பூட்டின லைற் எண்டு நினைச்சு, பின்னேரத்திலை பாக்கியம் அக்கா வந்து வடிவு பாத்திட்டுப் போறவவாம்.

எட்டு டிஸ்கிலை ஒண்டு செத்தால் மிச்சம் ஏழும் சமாளிக்கும். ரண்டாவதும் செத்தால் பாடம் முழுக்கப் போச்சு. பாத்தால் பக்கத்து டிஸ்கும் உயிருக்கு இழுக்கத் துவங்கியிருக்குது. வேறை பிரதி எங்கை எண்டு நீங்கள் கேப்பியள். அது மாஸ்டர் பாப்பம் பாப்பம் எண்டு சொல்லிக்கொண்டிருந்த விசயம். மெசினை நிப்பாட்டினால் அந்த இழுக்கிற டிஸ்க் திரும்ப எழும்புமோ தெரியாது. ஓட ஓடத்தான் செத்ததை உருவிப்போட்டுப் புதுசைச் செருகவேணும். புது டிஸ்க் என்ரை கையிலை, செத்த டிஸ்க் தாமரைக்குப் பின்னாலை. வாசலிலை துளசி நகத்தைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.

மரியதாஸ் அண்ணையைக் கூப்பிட்டம். தாமரையை வெட்டவேணும் எண்டதும் ஆளின்ரை முகம் விழுந்துபோச்சு. எண்டாலும் இரும்பு வெட்டுற கிரைண்டரை எடுத்தார், நான் மறிச்சன். சேவரின்ரை காத்தாடியள் முன்பக்கத்தாலைதான் காத்தை உறிஞ்சுறது. இரும்புத் தூளை உறிஞ்சினால் உள்ளை எல்லாம் எரிஞ்சுபோகும். கை வாளாலை அரிஞ்சாலும் தூள் கொட்டும்தானே, மறைப்புக்கு ஒரு துணி வேணும் எண்டு சுத்திப் பாத்தன். பாக்கியம் அக்கா மேசை லாச்சியைத் திறந்தா.

கம்பிக்கும் பெட்டிக்கும் இடையிலை நாலு விரல் இடைவெளி. அதுக்கை சட்டையை இறக்கினம். அளவெடுத்துத் தைச்சது, ஒரு மூலை மிச்சமில்லாமல் மூடிச்சுது. அண்ணை அரிவார், சேவர் சூடேறிக் கத்தும், அண்ணை வாளை நிப்பாட்டுவார், அக்கா தூளோடை சட்டையைச் சுருட்டி எடுப்பா, சேவர் மூச்சு விடும், பிறகும் இறக்குவம். அதிர்வு டிஸ்குக்குப் போகாமல் நான் ரண்டு கையாலையும் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். கடைசி இதழ் கழண்டு விழ, செத்ததை உருவிப்போட்டுப் புதுசைச் செருகினன். பழைய ஏழிலையும் இருந்து புதுசுக்கு எழுதுப்பட்டு முடியுமட்டும், துளசியும் நானும் அந்தச் சால்வைக் கதிரைக்குப் பக்கத்திலை நிலத்திலை குந்தியிருந்தம். இழுத்த டிஸ்கும் அதுவரைக்கும் தாங்கிச்சுது, பின்னேரம் எல்லா வெளிச்சமும் பச்சை. வகுப்பிலையிருந்து லோகன் சேர் நிக்காமல் கதைக்கிற சத்தம் கேட்டுது. துளசி கண்ணைத் துடைச்சுக்கொண்டு படிக்க ஓடினாள். எனக்கும் கண் கலங்கிப்போச்சு, பொய் சொல்லக்கூடாது.

நான் நன்றி சொல்லுவம் எண்டு வெளியிலை வந்தன். பாக்கியம் அக்கா முற்றத்திலை நிண்டு சட்டையை உதறுறா, கறுப்புக் கறுப்பா இரும்புத் தூள் கொட்டுண்டுது. என்னைக் கண்டதும் சட்டையை வெளிச்சத்திலை தூக்கிப் பிடிச்சா: "எவ்வளவு தூசி எண்டு பாத்தியளே தம்பி? நீங்கள் உடுப்பு வேண்டாம் எண்டு நிண்டியள்."

இப்ப நான் எங்கை சேவர் பூட்டப் போனாலும் என்ரை சாமான் பைக்குள்ளை ஸ்குறூட்றைவரோடை பாக்கியம் அக்கா தைச்சுத் தந்த பூப்போட்ட சட்டை ஒண்டும் கிடக்குது, ஆரும் கேட்டால் மெசினோடை வந்த சாமான் எண்டு சொல்லிச் சமாளிக்கிறன்.