மஞ்சள் சட்டையோடு ஆக்லாந்து மைதானத்தில்

நியூசிலாந்தில், வெலிங்டனில் பதினொரு வருடம் இருந்தவனுக்கு ஆக்லாந்தைப் பிடிக்காமல் போவது இயல்பு. எனக்கும் அந்த ஊருக்கும் எந்தத் தகராறும் கிடையாது. ஆனால் வெலிங்டனில் என்னோடு வேலை செய்தவர்கள் எனக்கு முதலில் சொல்லித்தந்தது ரக்பி. அடுத்தது, ஆக்லாந்து அணி தோற்கும்போது எப்படிச் சந்தோஷப்படுவது என்பது. இரண்டையும் அக்கறையாகக் கற்றுக்கொண்டேன்.

பிறகு மனைவிக்கு ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே ஊரில் லின்ஃபீல்டில் வாடகைக்கு வீடெடுத்துக் குடிவந்தோம். நான் பழைய வேலையையே வீட்டிலிருந்து கணினியில் தொடர்ந்தேன். அவளுக்குப் பள்ளியில் தோழிகள் கிடைத்தார்கள். பதின்மூன்று வயது மகளுக்கு ஒரே மாதத்தில் ஆக்லாந்து அணி மேல் பக்தியே வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஐந்து மாதமாகியும் பேச்சுத்துணை இல்லை. டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனால் கடைக்காரர் பை வேண்டுமா என்று கேட்பார். சில நாட்களில் வெளியாள் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெலிங்டன் அணி இங்கே விளையாட வந்தது. மகளைக் கூப்பிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். மனைவி என் வெலிங்டன் அணி மஞ்சள் சட்டையைப் பார்த்தாள்.

“உந்தச் சட்டையோட தனியாப் போகப்போறியளோ?”

“ஓம். மேலே மழைக்கோட் போடுவன்.”

மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போனாள். ரயில் முழுக்க ஆக்லாந்து அணியின் நீலச் சட்டைகள். கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

பல்லாயிரம் பேர் கொள்ளும் மைதானத்தில் அன்று சில நூறு பேர்தான் வந்திருந்தார்கள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மஞ்சள் நிறம் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூரைக்குக் கீழே முதலில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். அது ஆக்லாந்தின் தீவிர ரசிகர்கள் வழக்கமாகக் கூடும் மூலை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில், கம்பங்களுக்கு நேர் முன்னால் கிடைத்த ஒரு சுலபமான உதையை எங்கள் ஆள் வெளியே அடித்தான். என்னை அறியாமல் “ஐயோ, விட்டிட்டானே” என்றேன்.

முன்வரிசையில் இருந்த நீலக் கம்பளித் தொப்பி திரும்பியது. அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா.

“அவன் விட்டா நமக்கு நல்லதுதானே?” என்றார், மலேசியத் தமிழில்.

அவர் கண்கள் என் கழுத்தருகே எட்டிப்பார்த்த மஞ்சள் காலரில் நின்றன.

“தம்பி, அந்த ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்க.”

இறக்கினேன். இங்கே ஒரு வெலிங்டன்காரன் ஒளிந்திருக்கிறான் என்று அக்கம்பக்கத்தாருக்கு ஆங்கிலத்தில் அறிவித்தார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வழுக்கைத் தலையோடு இருந்த ஒரு பெரிய மனிதர் வயிற்றுவலி வந்தவர்போல் முனகினார்.

“மறைச்சு வச்சுப் பார்க்காதீங்க. வந்தது வந்தீங்க, ஒழுங்கா கத்துங்க” என்று சொல்லி, அந்த அம்மா தன் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஈப்போவிலிருந்து வந்து முப்பது வருடமாகிறதாம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த புதிதில் கூட வேலை செய்த ஒருத்தி இந்த மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றிலிருந்து சொந்த மைதானத்து ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. கணவருக்கு இந்தச் சத்தமே ஆகாதாம், வீட்டில் ரோஜாச் செடிகளோடு இருப்பாராம். ஆட்டக்காரர்களைத் தங்கை பிள்ளைகள்போல் ஒவ்வொருவராகக் காட்டினார். இவனுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது, அவனுடைய அம்மா அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள் என்றார். ஆக்லாந்துக்காரர்களுக்கு முழங்கால்களும் அம்மாக்களும் உண்டு என்பதை வெலிங்டனில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

கடைசி நிமிடம்வரை ஆக்லாந்துதான் முன்னால் இருந்தது. அப்போது யாரோ கைநழுவவிட்ட பந்தை எங்கள் பையன் ஒருவன் அள்ளிக்கொண்டு ஓடினான். ஈரப் புல்லில் பாதி மைதானத்தைக் கடந்து, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். அந்தப் புள்ளிகளில் வெலிங்டன் முந்த, ஆட்டம் முடிந்தது.

நான் அசையாமல் இருந்தேன். இவர்கள் கறிபாப்பைத் தின்றுவிட்டு இவர்கள் நடுவிலேயே குதிப்பது மரியாதையாகப் படவில்லை.

அந்த அம்மா திரும்பினார். முகம் வாடியிருந்தது. “என்ன உட்காந்திருக்கீங்க? உங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்க. எழுந்து கத்துங்க தம்பி.”

எழுந்தேன். அத்தனை நீலத்துக்கும் நடுவில் தனி மஞ்சளாக நின்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஊளையிட்டார்கள். வழுக்கைத் தலைக்காரர் ஏதோ திட்டியபடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஊரில் ஒரே நேரத்தில் அவ்வளவு முகங்கள் என்னைப் பார்த்தது அன்றுதான். இன்னொரு தடவை கத்தினேன். அது வெற்றிக்காக அல்ல.

அந்த அம்மாவின் வீடு எங்களுக்கு அடுத்த பகுதியில்தான் இருந்தது. காரில் கொண்டுவந்து விட்டார். வழி நெடுக நடுவரைத் தமிழில் திட்டிக்கொண்டே வந்தார். மனைவி தேநீர் குடிக்க உள்ளே கூப்பிட்டாள். பத்து நிமிடத்தில் அவரும் என் மகளும் ஒரு கட்சியாகி, நான் எதிர்க்கட்சியானேன்.

இரண்டு வாரம் கழித்து கிறைஸ்ட்சர்ச் அணி வந்தது. ஒரு மணிக்கெல்லாம் அவர் கார் வாசலில் நின்றது. மகள் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள், நான் பின்னால். அன்று ஆக்லாந்துக்காகக் கத்தினேன். முழுத் தொண்டையில் இல்லை. ஆனாலும் கத்தினேன்.