நடுவில் வைக்காத குரல்

என் மச்சானுக்கு வெளியே நல்ல பெயர். பாட்டு மிக்ஸிங் என்றால் அவர்தான் என்பார்கள். எனக்கோ இப்போதெல்லாம் அவர் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது அவருடைய தங்கையைப் பற்றி. அவள் என் மனைவி.

கண் மருத்துவமனையில் டோக்கன் எண்ணை மைக்கில் கூப்பிடுவது அவள் வேலை. "அந்தம்மா கூப்பிடுற அழகுக்கே இன்னொரு தடவை வரலாம்" என்று நோயாளிகள் சொல்வதுண்டு. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு முணுமுணுப்பு வந்து நான் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு முன் அண்ணனுடைய ஸ்டுடியோவில் டிராக் பாடியவள் அவள். பெரிய பாடகி வருவதற்குள் மாதிரிக்கு ஒருத்தர் பாடிவைப்பார். பாடகி அதைக் கேட்டுவிட்டுத் தன் குரலில் பாடுவார். பிறகு மாதிரியை அழித்துவிடுவார்கள். அப்படி அவள் மாதிரிக்குப் பாடிய ஒரு பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அது வெளிவந்த கையோடு அண்ணன் அவளைக் கூப்பிட்டு, "உன் குரல் மைக்குக்கு ஒத்து வரல பாப்பா. வேற வேலை பாத்துக்க" என்றார். கூடப்பிறந்தவர், அதுவும் காது உள்ள மனுஷர், சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அன்று வாயை மூடியவள்தான்.

நான் வீட்டு முன்னறையில் கரோக்கே டிராக் செய்கிறவன். பாட்டை வைத்துக்கொண்டு பாடுகிறவரை வெளியே அனுப்புவது என் பிழைப்பு. வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஸ்டீரியோ பாட்டில் வாத்தியங்களை இடமும் வலமுமாகப் பிரித்து வைப்பார்கள். பாடகரை நடுவில் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே குரல். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்தைக் கழித்தால், இரண்டிலும் ஒன்றாக இருப்பதெல்லாம் காலி. கூடவே, நடுவில் இருக்கும் டிரம்மும் கொஞ்சம் போய்விடும். இப்போது இதற்குப் புது மென்பொருளெல்லாம் வந்துவிட்டது. நான் கழித்தலைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

பள்ளி ஆண்டு விழாவில் எங்கள் மகள் அதே பாட்டைப் பாடுவதாக இருந்தது. டிராக் கேட்டாள். கழித்தேன். பாடகி போய்விட்டார். பின்னாலிருந்து வேறொரு குரல் கிளம்பியது. மேல் ஸ்தாயியில் துளி பிசிறில்லை. தினமும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் எனக்குத் தெரியாதா?

வேலை முடிந்து வந்தவளைத் தோள்பையோடு உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினேன்.

"இத அழிச்சாச்சுன்னாரே அண்ணன்" என்றாள்.

வந்த ஆத்திரத்தில் மச்சானுக்கு போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பினார். பிறகு சொன்னார்: "அந்தப் பாடகியம்மாவுக்கு மேல போகும்போது குரல் நிக்கல மாப்ள. பாப்பா ரெண்டு தடவை பாடியிருந்தா. ஒண்ண இந்தப் பக்கம், ஒண்ண அந்தப் பக்கம், அடியில போட்டு முட்டுக் குடுத்தேன்."

"அப்ப குரல் சரியில்லன்னு ஏன் சொன்னீங்க?"

"அவ தொடர்ந்து பாடினா யாராச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்க மாப்ள. அந்தம்மா என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா? என் பொழப்பு போயிருக்கும்."

அவர் பிழைப்புக்காக இவள் வாயை அடைத்திருக்கிறார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, அப்ப நான் நல்லாத்தான் பாடினேனா?"

"நல்லா இருந்ததாலதானம்மா போட்டேன்."

"சரிண்ணா. வச்சிடறேன்."

அந்த நேரம் பார்த்து மகள் பள்ளியிலிருந்து வந்தாள். ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டவள் முகம் சுளித்தாள்.

"யாருப்பா இது? இன்னும் பாடிட்டு இருக்காங்க. இவங்களையும் எடுத்துடுங்க, என் குரலே கேக்காது."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"கோரஸ்ல யாரோ" என்றாள் அவள். "எடுத்துக் குடுங்க. பிள்ளை பாடட்டும்."

மகள் உள்ளே போனதும், "ஏன்டி மறைச்ச?" என்றேன்.

"அவர் சொன்னாருன்னு இத்தனை வருஷம் வாய மூடிட்டு இருந்தேன். இத அவகிட்ட எப்படிங்க சொல்றது? எனக்கே அசிங்கமா இருக்கு."

எடுக்கத்தான் பார்த்தேன். தலைகீழாக நின்றும் அந்தக் குரல் போகவில்லை. இரண்டு பக்கமும் வேறு வேறு தடவை பாடியது, என் கழித்தலுக்குச் சிக்காது. நடுவில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் போயிருக்கும். கடைசியில் அப்படியே கொடுத்துவிட்டேன்.

விழாவில் மகள் அந்தக் குரலோடு சேர்ந்தே பாடினாள். முன்வரிசையில் மச்சான் உட்கார்ந்து கைதட்டினார். மனைவி வரவில்லை. டோக்கன் வேலையை அன்று யாரும் மாற்றிக்கொள்ள முன்வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் மருத்துவமனையில் விசாரித்தேன், அவள் யாரிடமும் கேட்கவே இல்லை.