இட்லிப்பூவும் உப்புத் தண்ணீரும்

பாலைவனத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம், பாலைவனத்தில் செடி வளர்ப்பது எப்படி என்று எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது.

பெங்களூர் வைட்ஃபீல்டில் அப்போது அடுக்குமாடிகள் அதிகம் இல்லை. நர்சரிகள் இருந்தன. தோட்டக்கலை படித்து முடித்ததும் அதில் ஒன்றில் சேர்ந்தேன். சிவாஜிநகரில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். முதலாளி வளைகுடா நாடுகளுக்குச் செடி அனுப்புவார். மண்ணோடு அனுப்பக் கூடாது என்பதால் வேரைக் கழுவி, தேங்காய் நார்த்தூளில் பொதிந்து பெட்டியில் அடுக்குவோம். ஒவ்வொரு லோடோடும் பராமரிப்புக் குறிப்பு ஒன்று போகும். அதை டைப் செய்து கையெழுத்துப் போடுபவள் நான்.

ஒரு முறை அங்கே ஒரு குடியிருப்பு வளாகத்துக்கு இட்லிப்பூவும் அரளியும் அனுப்பினோம். இட்லிப்பூ அந்த மண்ணில் தாங்குமா என்று நான் யோசிக்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், எங்களிடம் இருந்தது. குறிப்பில், காலையும் மாலையும் செடிக்கு ஒரு மக் தண்ணீர் என்று எழுதினேன். என் வீட்டு மாடியில் தொட்டிச் செடிகளுக்கு அப்படித்தான் ஊற்றுவேன். அங்கே வெயில் அதிகமாயிற்றே என்று மத்தியானமும் அரை மக் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. செடிகள் கருகுகின்றன, காரணம் சொல்லவும் என்றிருந்தது. பின்னாலேயே கூரியரில் போட்டோக்கள் வந்தன. இலைகளின் ஓரம் மட்டும் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தது. மூன்றாவது போட்டோவில் ஒரு செடியின் அடித்தண்டைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் கல்லூரி நூலகத்துக்குப் போய்ப் படித்ததும் விஷயம் புரிந்தது. அந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் வேர்ப் பக்கத்தில் தங்கும். சில நாளுக்கு ஒரு முறை, உப்பை வேருக்குக் கீழே தள்ளும் அளவுக்கு நிறைய ஊற்ற வேண்டும். உச்சி வெயிலில் ஊற்றவே கூடாது.

முதலாளியிடம் சொன்னேன்.

"சார், தப்பு நம்ம குறிப்புலதான் இருக்கு."

அவர் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "அப்படி எழுதினா மொத்த லோடும் நாமதான் மறுபடி அனுப்பணும். மெயின்டனன்ஸ் சரியில்லைன்னு எழுதும்மா. தண்ணி விட்டது அவங்கதானே? அஷ்டே, அவ்வளவுதான்."

எழுதினேன். பராமரிப்பில் குறைபாடு என்று இரண்டு வரி. கூடவே புதிய குறிப்பு ஒன்றும் அனுப்பினேன். இட்லிப்பூ மொத்தமும் போய்விட்டது என்றும், அரளி பிழைத்துக்கொண்டது என்றும் பிறகு தகவல் வந்தது. பராமரிப்பு என்றால் அங்கே ஒரு ஆள் இருப்பான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றி நினைக்காமல் இருந்தேன்.

அந்த ஆள் ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை நர்சரிக்கே வந்தார். நாற்பது வயது இருக்கும். திருப்பத்தூர்ப் பக்கம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் என் குறிப்பின் நகல். ஆங்கில வரிகளுக்குக் கீழே யாரோ தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"இதை எழுதினது நீங்களா மேடம்? இதுல நான் எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, போதும்."

உட்காரச் சொன்னேன். அவர் நின்றபடியே பேசினார்.

"மூணு வேளையும் விட்டேன். ஒரு வேளைகூடத் தவறல. ஏசி தண்ணி சொட்டுற எடத்துல அஞ்சாறு செடி இருந்துச்சு. அதுங்க மட்டும் பச்சையா நின்னுச்சு. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன், மத்ததுக்கும் அந்தத் தண்ணியப் புடிச்சு ஊத்தலாமான்னு. பேப்பர்ல இருக்கறத செய்யின்னாரு. கடைசில செடி போனதுக்கு என்னைத்தான் வேலைய விட்டு ஊருக்கு அனுப்பிட்டாங்க."

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது. நான் நூலகத்தில் தேடித் தெரிந்துகொண்டதை அவர் அங்கே நின்றே பாதி கண்டுபிடித்திருந்தார்.

"நீங்க தப்பு பண்ணல. பேப்பர்தான் தப்பு" என்றேன்.

"அப்ப அதை எழுதிக் குடுங்க."

"அந்தக் கம்பெனிக்கா?"

"கம்பெனிக்கு என்னாத்துக்கு? எங்க மச்சானுக்கு. விசா வாங்கிக் குடுத்தவரு. செடியச் சாகடிச்சிட்டு வந்தேன்னு என்கூடப் பேசறதில்ல. என் பொண்டாட்டி, அவரு கூடப் பொறந்தவ, அவகிட்டயும் பேசறதில்ல. தமிழ்லயே எழுதுங்க."

வெள்ளைத் தாளில் எழுதினேன். தண்ணீர் ஊற்றும் முறையைத் தவறாகச் சொன்னது நான் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா கையிலேயே இருந்ததால், பராமரிப்பில் குறை என்று பிறகு எழுதியதும் நான்தான், அதுவும் உண்மையில்லை என்று சேர்த்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் மெதுவாக, உதடு அசையப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுவும் நீங்கதானா?"

"ஆமா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீ வந்திருந்தது. அதை எடுக்காமல் வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் மறுநாள் முதல் குறிப்பு எழுதும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னைப் பதியன் போடும் கொட்டகைக்கு மாற்றினார். எனக்கு அது வருத்தமாக இல்லை.

அடுத்த ஜனவரியில் ஹெப்பகோடியில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் டெம்போ செடி வாங்க வந்தது. முன்சீட்டிலிருந்து இறங்கியவர் அவர்தான். அந்தத் தொழிற்சாலையில் தோட்ட வேலை. தொட்டிகளைக் கவிழ்த்து வேரைப் பார்த்துப் பார்த்து அவரே பொறுக்கினார். நான் கூடவே நடந்தேன். அவர் தடுக்கவில்லை.

"லெட்டரை மச்சான் படிச்சாரா?" என்று கேட்டேன்.

"படிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தாரு. சாப்ட்டாரு." ஒரு செம்பருத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "இதுல பூச்சி இருக்குது மேடம். வேற குடுங்க."

வேறு எடுத்துக் கொடுத்தேன்.