எழுபத்துநான்கு நாள் கணக்கு

பாலிடெக்னிக்கில் ஓர் இடம், கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தேர்வில் முதல் தடவையே தேர்ச்சி, முப்பத்தொரு ஆண்கள் இருந்த குழாய்த் தளத்தில் ஒரு வேலை, என் கணவரின் இரண்டு கைகள். இவை என் தங்கை போராடி ஜெயித்தவை. கடைசியாகச் சொன்னதற்காக அவள் அவருடைய காலை உடைக்க வேண்டியிருந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். அன்று தளத்தில் இல்லை. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

பற்றவைத்த குழாய்களின் மூட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று படம் எடுப்பது அவள் வேலை. அதற்கு இரிடியம் என்ற உலோகத் துணுக்கு, பயறளவு எஃகுக் கூட்டில் அடைத்து, கனத்த பெட்டிக்குள் இருக்கும். அதன் அணுக்கள் சிதைந்து கதிரை வீசும். கதிர் இரும்பைத் துளைத்துப் பிலிமில் பதியும். சதையையும் விட்டுவைக்காது. ஒரு நீளக் கம்பி துணுக்கை வெளியே தள்ளி, வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அன்று காலை பதினோரு மணிக்குக் கம்பி மட்டும் திரும்பி வந்தது. துணுக்கு மண்ணில் கிடந்தது. தங்கை எல்லாரையும் விரட்டிவிட்டு, தள்ளிச் சுற்றிலும் கயிறு கட்டி, மீட்புக் குழுவுக்குப் போன் செய்தாள். அவர்கள் வர நாலு மணி நேரம் ஆகும். ஃபோர்மேனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

“எழுபத்துநாலு நாள்ல பாதி போயிடும். அடுத்த எழுபத்துநாலுல மீதிப் பாதியும் காலி. இது இங்க வந்து இன்னிக்கு நூத்தம்பதாவது நாளு. செத்த பாம்புக்கு எதுக்குடி கயிறு?”

“மீதி காலியாகாது. மீதியில பாதிதான் போகும். இன்னும் கால்வாசி உயிரோட கிடக்கு. கையால எடுத்தா விரல் அழுகிடும்.”

எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதில் பாதி எழுபத்துநான்கு நாளில் போகும், அவ்வளவுதான். அவன் கழித்தல் கணக்குப் போட்டான்.

ஃபோர்மேன், அங்கே ஃபிட்டராக இருந்த என் கணவரைப் பார்த்தான்.

“மாப்ளே, நீ போய் எடுத்துட்டு வா. இல்ல, கொழுந்தியாகிட்ட கேட்டுட்டுத்தான் மூச்சு விடுவியா?”

எல்லாரும் சிரித்தார்கள். ரோஷக்காரர், கயிற்றைத் தாண்டினார்.

“மாமா, நில்லுங்க. அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

அவர் நிற்கவில்லை. அவள் கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடி, முழங்காலில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் வெல்டர்கள் நின்ற இடம் வரை கேட்டதாம். அலறியவரைக் காலரைப் பிடித்துக் கயிற்றுக்கு வெளியே தரதரவென்று இழுத்துப் போட்டாள்.

ஃபோர்மேன் ஸ்பேனரால் அவள் வலது தோளில் அடித்தான். காரை எலும்பு போயிற்று. அடுத்த அடி வாயில். இரண்டு பற்கள் தெறித்தன. அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கதிரை அளக்கும் மீட்டரைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே போங்க. முள்ளைப் பாத்துக்கிட்டே போங்க.”

வீம்புக்குப் போனான். பத்தடி இருக்கும்போது முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. மீட்டரைப் போட்டுவிட்டு ஓடி வந்தவனின் காலை என் கணவர் படுத்தபடியே வாரிவிட்டார். விழுந்தவனின் மூக்கு உடையும்வரை குத்தினார். மூன்று வெல்டர்கள் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

மீட்புக் குழு நீண்ட இடுக்கியால் துணுக்கை எடுத்து ஈயப் பானையில் போட்டது. ஃபோர்மேனை வேலையிலிருந்து நீக்கினார்கள். தேர்வில் தேறியவள் இவளாக இருந்தும், துணுக்குக்குப் பொறுப்பேற்கும் பதிவேட்டில் அதுவரை அவன்தான் கையெழுத்துப் போட்டு வந்தான். அடுத்த பக்கத்தை நான் நேரில் பார்த்தேன். வலது கை கட்டில் தொங்கியதால் இடது கையால், கோணல்மாணலாக, தன் முழுப் பெயரை முதன்முதலாக அதில் எழுதியிருந்தாள். தேதி: 19 ஏப்ரல் 2011.